வினைல் தரை ஏன் தூக்குகிறது

வீட்டுத் தரையில் ஒட்டிய வினைல் ஷீட்டு பெரும்பாலும் ஓரத்தில்தான் எழும்பத் தொடங்குகிறது. சுவரோரம், வாசற்படி, மூலை, இரண்டு ஷீட்டுகள் சேரும் மூட்டு என்று ஷீட்டு எங்கெல்லாம் முடிகிறதோ, அங்கெல்லாம் முதலில் நூலிழை அளவு இடைவெளி விழும். துடைப்பம் அதில் மாட்டும். துடைத்த தண்ணீர் உள்ளே போகும். சில வாரங்களில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிடும். ஓரமெல்லாம் கெட்டியாக இருக்க, அறையின் நடுவில் மேடு கிளம்புவது இன்னொரு வகை. இரண்டுக்கும் பழி பசையின் மேல்தான் விழுகிறது. வேறு பசை வாங்கித் தடவுகிறார்கள். அதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் பசைக்குக் கீழே, தரைக்குள் இருக்கிறது. தரையைப் படிக்காமல் பசையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பணமும் உழைப்பும்தான் வீணாகும்.

திருப்பூர் ராயபுரம் இந்தச் சிக்கலைப் படிப்பதற்கு ஏற்ற இடம். பனியன் தொழில் அங்கே வீட்டை ஒட்டியும் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. முன்னறையில் தையல் மெஷின்கள் ஓடும் பவர் டேபிள், பின்னறையில் குடித்தனம் என்ற அமைப்பு திருப்பூரின் பழைய பகுதிகளில் சாதாரணம். லைன் வீடுகளின் தரை பெரும்பாலும் சிமெண்ட் பால் பூசியதாகவோ, காவி நிற ரெட் ஆக்ஸைடு இட்டதாகவோ இருக்கும். வாடகைக்கு இருப்பவர் டைல்ஸ் பதிக்க முடியாது; பதித்தாலும் வீட்டைக் காலி செய்யும்போது எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே அடிக்கணக்கில் வெட்டி வாங்கும் வினைல் ஷீட்டு, கடைமொழியில் ‘ஃப்ளோர் மேட்’, தரைக்கு வருகிறது. வெயில், ஓதம், உப்புத் தண்ணீர், பஞ்சுத் தூசி, மெஷின் ஆயில் என வினைலுக்கு ஆகாதவை அத்தனையும் அந்த ஓர் அறையில் கூடிவிடுகின்றன.

ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது

வினைல் என்பது பி.வி.சி., அதாவது பாலிவினைல் குளோரைடு. தனியாக இருக்கும்போது அது தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பான பொருள். ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமன் 1872-ல் அதைக் கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளைத் திடப்பொருளாகப் பார்த்தார். அரை நூற்றாண்டு காலம் அதனால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக 1926-ல் பி.வி.சி.யைக் கொதிநிலை அதிகமான ஒரு கரைப்பானில் சூடாக்கியபோது, பசை கிடைக்கவில்லை. வளைந்து நெளியும் ஒரு பொருள் கிடைத்தது. இன்று வீட்டுத் தரையில் விரிக்கும் ஷீட்டு அந்தப் பொருளின் வழித்தோன்றல். 1933-ல் சிகாகோவில் நடந்த பெரிய கண்காட்சியில் வினைல் தரை மக்கள் பார்வைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. மேட்டூரில் 1960-களில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் பி.வி.சி. தயாரிப்பைத் தொடங்கியது அதே குட்ரிச் நிறுவனத்தின் கூட்டோடுதான்.

வளையும் தன்மையைக் கொடுப்பது நெகிழ்வூட்டி என்னும் எண்ணெய் போன்ற திரவம். இந்தியச் சந்தையில் நீண்ட காலம் பரவலாக இருந்தது டி.ஓ.பி. என்ற நெகிழ்வூட்டி. நூறு பங்கு பி.வி.சி. பிசினுக்கு முப்பது முதல் ஐம்பது பங்கு வரை நெகிழ்வூட்டி சேர்ப்பது வழக்கம். அதன் மூலக்கூறுகள் பி.வி.சி.யின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விடுகின்றன. ஆனால் சங்கிலியோடு அவை வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருப்பதில்லை. வெப்பத்தில் கொஞ்சம் ஆவியாகும், எண்ணெய் பட்டால் அதில் கரையும், பக்கத்தில் உள்ள பசைக்குள்ளும் ஊறும். அப்படி வெளியேற வெளியேற ஷீட்டு விறைத்துச் சுருங்குகிறது. ஷீட்டுக்குள் நடக்கும் கதையில் பாதி இதுதான்.

மறுபாதி அடுக்குகளில் இருக்கிறது. மேலே தேய்மானத்தைத் தாங்கும் தெளிவான வினைல், அதன் கீழே அச்சிட்ட பூ வேலைப்பாடு, அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல் பொடி கலந்த நிரப்பு அடுக்கு அல்லது நுரை. நல்ல தரத்தில் நடுவே கண்ணாடி இழை வலை ஒன்றும் இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் வெப்பத்துக்கு ஒவ்வொரு விதமாக நீள்கிறது, வயதாகும்போது ஒவ்வொரு விதமாகச் சுருங்குகிறது. இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டிச் சூடாக்கினால் பட்டை ஏன், எவ்வளவு வளையும் என்பதை ஸ்டீபன் டிமோஷென்கோ 1925-ல் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு வினைலுக்கும் பொருந்தும். மேலடுக்கு கீழடுக்கைவிட அதிகம் சுருங்கினால் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். கண்ணாடி இழை உள்ள ஷீட்டு அவ்வளவு சுருளாததற்குக் காரணம், அந்த இழை நீளவும் சுருங்கவும் விடாமல் மற்ற அடுக்குகளைப் பிடித்து நிறுத்துவதுதான். விலை குறைந்த மெல்லிய மேட்டில் இந்த வலை இருப்பதில்லை. வாங்கும்போது வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தால் இழை தெரியும்.

ஓரம் மட்டும் ஏன்

ஒட்டிய ஷீட்டைத் தரையோடு இணையாகத் தள்ளினால் பசையின் முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கிறது. ஓரத்தைப் பிடித்து மேலே உரித்தாலோ, அந்த நொடியில் எதிர்ப்பது பிரிந்துகொண்டிருக்கும் ஒரு கோடு மட்டும். பத்தடி ஷீட்டு ஒட்டியிருந்தாலும் உரியும் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பசை உதவிக்கு வராது. உரிக்கும் கோணமும் முக்கியம். ரொனால்டு ரிவ்லின் 1944-ல் எழுதிய கணக்கின்படி, நீளாத ஒரு பட்டையைத் தரைக்கு 90 பாகையில் இழுத்து உரிக்கத் தேவைப்படும் விசையைப்போல ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும், அதையே 30 பாகையில் இழுத்து உரிக்க. கிடையாக இருக்கும் ஓரத்தை உரிப்பது கடினம். ஒருமுறை நிமிர்ந்துவிட்ட ஓரத்தை உரிப்பது எளிது. கால் விரல் மாட்டுவது, நாற்காலி இடிப்பது, துணி மூட்டையை இழுப்பது எல்லாம் நிமிர்ந்த ஓரத்தைச் செங்குத்தாக இழுக்கின்றன. அரை அங்குலம் எழும்பிய ஓரத்தை அன்றைக்கே ஒட்டுவதற்கும் ஒரு மாதம் கழித்து ஒட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

இடைவெளி விழுந்ததும் தண்ணீர் தானாக உள்ளே இழுபடுகிறது. தரைக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், நீரின் பரப்பு இழுவிசை அதைச் செங்குத்தாகவே ஏறக்குறைய 15 செ.மீ. உயரத்துக்குத் தூக்க வல்லது. கிடையான தரையில் ஈர்ப்பின் தடையும் இல்லை. தண்ணீர் இன்னும் தூரம் போகும். மாப் போட்ட பிறகு மேற்பரப்பு ஐந்து நிமிடத்தில் உலர்ந்துவிடும். உள்ளே போன தண்ணீர் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

வெயிலும் நீளமும்

சிமெண்ட் தரை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளும். வினைல் அதைப்போல ஏழு மடங்கு, சில ரகங்களில் அதற்கும் மேலே நீளும். பத்தடி அறையில் தகரமோ சிமெண்ட் சீட்டோ கூரையாக இருந்து, சித்திரை வெயில் கதவு வழியாகத் தரையில் நேரே விழுந்தால் ஷீட்டின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டக்கூடும். விடியற்காலை நிலையிலிருந்து இருபது டிகிரி உயர்வு என்று வைத்துக்கொண்டால் ஷீட்டு நாலேகால் மில்லிமீட்டர் நீள்கிறது. தரை நீள்வது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு.

நாலு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றும். ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் பவர் டேபிள் என இரு முனையும் அழுத்தப்பட்டிருந்தால் அந்த நீளம் போக இடமில்லாமல் மேல்நோக்கி வளைகிறது. முப்பது செ.மீ. அகலத்துக்குள் அந்த நாலு மில்லிமீட்டர் முழுவதும் வளைவாக மாறினால், மேட்டின் உயரம் இரண்டு செ.மீ.க்கு மேல் வரும். நீளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயரத்தில் காலை இடறச் செய்கிறது. கணக்கு முழுமையாக அப்படியே நடப்பதில்லை. ஷீட்டு கொஞ்சம் நசுங்கும், பசை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் மத்தியானம் எழும்பி ராத்திரி அடங்கும் மேடு என்றால் காரணம் வெப்பம்தான் என்று கூறிவிடலாம். அதற்குப் பசை தடவுவது பயனற்றது. சுவரோரம் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டுவதும், வெயில் விழும் இடத்தில் திரை போடுவதும், ஒட்டாமல் விரித்த ஷீட்டை இரு பக்கமும் கனமான சாமான்களால் அழுத்தாமல் இருப்பதும் போதும். சுவரோர இடைவெளியை மறைக்க ஓரப்பட்டை அடிக்கும்போது ஆணி சுவரில் போக வேண்டும். ஷீட்டைத் துளைத்துத் தரையில் அடித்தால் விட்ட இடைவெளிக்குப் பொருளே இல்லாமல் போகும்.

ஓதம், காரம், உப்பு

வெப்பத்தைவிடப் பெரிய எதிரி தரைக்குள் இருக்கும் ஈரம். சிமெண்ட் தரை கண்ணுக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. தரைமட்ட வீடுகளில் மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியாக எப்போதும் மேலேறிக்கொண்டிருக்கிறது. வெறுந்தரையாக இருந்தபோது அந்த ஈரம் வந்த வேகத்திலேயே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. வினைல் என்பது நீராவி எளிதில் புக முடியாத மூடி. அதை விரித்தவுடன் ஈரத்தின் வழி அடைபடுகிறது. தரையின் மேற்பகுதியில் ஈரப்பதம் மெல்ல மெல்ல ஏறி, கீழ்ப்பகுதியின் அளவுக்கே வந்து நிற்கிறது. மேட் போட்ட பிறகுதான் ஓதம் வந்தது என்று வீட்டில் சொல்வது பாதி உண்மை. ஓதம் முன்பே இருந்தது. மேட் அதைப் பிடித்து வைத்தது.

ஈரத்தோடு காரமும் மேலே வருகிறது. சிமெண்டின் துளைகளில் உள்ள நீரின் பி.எச். மதிப்பு 12.5-க்கு மேல், சோடியம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடுகள் அதற்குக் காரணம். பழைய தரையின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து காரம் தணிந்திருக்கும். அடியிலிருந்து ஈரம் ஏறினால் காரம் திரும்பவும் மேலே வந்துவிடும். தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பசைகள் இதில் மென்மையாகி, வெண்ணிறக் குழம்பாகத் திரும்புகின்றன. நெகிழ்வூட்டியையும் காரம் சும்மா விடுவதில்லை. டி.ஓ.பி. காரத்தில் சிதைந்து 2-எத்தில் ஹெக்சனால் என்ற ஆல்கஹாலாக மாறும். மேட்டைத் தூக்கினால் அடிக்கும் இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை பெரும்பாலும் இதனுடையது. அந்த வாடை வந்தால் பசையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தரை ஈரமாக இருக்கிறது என்று பொருள்.

உப்பு திருப்பூருக்கே உரிய தனி அத்தியாயம். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, சாயத் தொட்டியில் ஏராளமாக சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. பல பத்தாண்டுகள் அது நொய்யல் ஆற்றிலும் அதன் கரை நிலங்களிலும் சேர்ந்தது. அந்த ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீருக்குப் பதில் சாயக் கழிவைத் தேக்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறியவை மட்டுமே பிறகு திறக்கப்பட்டன. ஆனால் நிலத்துக்குள் போன உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் திரும்புவதில்லை. உப்பேறிய போர் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஊற்றிப் பதப்படுத்திய தரையும் சுவரும் தமக்குள் உப்பைச் சுமக்கின்றன. சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட்டைத் தள்ளி, பூச்சைப் பொடியாக உதிர்ப்பது இந்த உப்புதான்.

வினைலுக்கு அடியில் அது செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஈரம் வினைலைத் தாண்ட முடியாததால் பக்கவாட்டில் நகர்ந்து, ஷீட்டு முடியும் ஓரத்திலும் மூட்டிலும் ஆவியாகிறது. நீர் போன இடத்தில் அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு தங்குகிறது. ஆக, உப்புப் படிகம் வளர்வது உரிவதற்கு மிக எளிதான அதே கோட்டில். எழும்பிய ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், தரையில் சுவருக்கு இணையாக ஓர் அங்குல அகலத்தில் வெள்ளைப் பூப்பும், பசையின் மேல் அதே வடிவத்தில் பொடியும், அதற்கு உட்புறம் நசநசப்பான கருத்த ஈரப்பட்டையும் தெரியும். இந்த மூன்றும் வரிசையாகத் தெரிந்தால் வேறு சான்று தேவையில்லை.

சோடியம் சல்பேட் இதில் குறிப்பாகக் கொடியது. 32.4 டிகிரிக்குக் கீழே ஈரம் கிடைத்தால் நீரற்ற படிகத்தின் ஒவ்வோர் அலகும் பத்து நீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு, படிகம் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாக வீங்குகிறது. உலர்ந்து சூடாகும்போது நீரை விட்டுச் சுருங்குகிறது. திருப்பூரில் தரையின் வெப்பநிலை பகலில் அந்த எல்லைக்கு மேலும் இரவில் கீழும் போய்வரக்கூடியது. ஒவ்வொரு சுற்றிலும் படிகம் பசையைத் தரையிலிருந்து கொஞ்சம் நெம்புகிறது. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு அப்படி வீங்காது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியிலிருந்து சொட்டுத் தண்ணீர் உள்ளே வராத அறையிலும் ஓரம் ஈரமாவதன் காரணம் அதுதான்.

வெள்ளையாகப் பூத்ததெல்லாம் கரையும் உப்பல்ல. சுரண்டி எடுத்த பொடியை ஒரு கரண்டி நல்ல தண்ணீரில் போட்டால் முழுதும் கரைவது உப்பு. கரையாமல் நின்று, வினிகர் பட்டதும் நுரைப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டலாம். உப்பு என்றால் உலர்ந்த தூரிகையால் பெருக்கி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து தரைக்குள்ளேயே திரும்பிப் போகும். பலர் செய்யும் தவறு இதுதான்.

பஞ்சும் எண்ணெயும்

பின்னலாடைத் துணியை வெட்டும்போதும் தைக்கும்போதும் பிசிறும் நுண்பஞ்சு அறையெங்கும் மிதந்து படிகிறது. பசை தடவி, அது காய்ந்து பதம் வரக் காத்திருக்கும் கால் மணி நேரத்தில் அதன் மேல் மெல்லிய பஞ்சுப் படலம் விழுந்துவிட்டால், ஷீட்டு ஒட்டுவது தரையோடு அல்ல, பஞ்சோடு. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் பசை முழுதும் ஒரு பக்கமே தங்கி, மறுபக்கம் சாம்பல் நிறத்தில் மென்மையாக, கம்பளி போலத் தெரியும். மின்விசிறியை ஓடவிட்டுப் பசை காய வைப்பதும் இங்கே தீங்குதான். மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில், முதல்நாள் இரவே அறையைத் துடைத்துப் பஞ்சு அடங்கிய பின் ஒட்டுவது நல்லது.

ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் அடியில் சொட்டும் ஆயில் இரண்டு விதமாகக் கெடுக்கிறது. தரைத் துளைகளில் ஊறிய எண்ணெய் பசையை ஒட்டவிடாது. ஷீட்டின் மேல் சொட்டியது நெகிழ்வூட்டியை உறிஞ்சி அந்த இடத்தை விறைக்கச் செய்யும். மெஷினின் அடியில் தகரத் தட்டு வைப்பது எளிய தீர்வு. ரப்பர் மிதியடி வேண்டாம்; ரப்பரில் உள்ள சில சேர்மானங்கள் வினைலுக்குள் ஊறி, தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறையை உண்டாக்கும். ஸ்டீம் அயர்ன் இன்னொரு ஆபத்து. பருத்திக்கு வைக்கும் சூடு ஏறக்குறைய 200 டிகிரி. நெகிழ்வூட்டி சேராத விறைப்பான பி.வி.சி.யே 80 டிகிரியை ஒட்டி இளகிவிடும். ஷீட்டு அதற்கும் முன்பே குழையும்.

பசையைத் தேர்ந்தெடுத்து ஒட்டுவது

சோபா, ஷூ, மரத்தகடு ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையே கடையில் எளிதில் கிடைப்பது. பெரும்பாலும் அது நியோபிரீன் ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. ஒட்டிய அன்று பிடிப்பு பிரமாதமாக இருக்கும். மாதங்கள் போகப் போக வினைலின் நெகிழ்வூட்டி அதற்குள் ஊறி, அதைச் சவ்வு மிட்டாய்ப் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். நெகிழ்வூட்டியைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பசை, பாலியூரிதேன் பசை, வினைல் தரைக்கென்றே தயாரித்த அக்ரிலிக் பசை ஆகியவை நீடிக்கும். டப்பாவின் மேல் நெகிழ் பி.வி.சி.க்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை மரப்பசை தரைக்கு ஆகாது. ஈரம் பட்டால் இளகிவிடும்.

பி.வி.சி. ஷீட்டு, ஓடு ஆகியவற்றைத் தரையில் பதிப்பதற்கு ஐ.எஸ். 5318 என்ற இந்தியத் தர விதி பல ஆண்டுகளாக இருக்கிறது. தொழிலறிவு முழுவதும் தரை உலர்ந்ததாக, மட்டமாக, சுத்தமாக இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் குவிகிறது. உலர்ந்திருக்கிறதா என்பதைச் சோதிக்கும் எளிய முறை அமெரிக்காவில் ஒரு தரமுறையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பாலிதீன் தாளைத் தரையில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பனியன் பேக்கிங் பாலிதீனே இதற்குப் போதும். தாளின் அடியில் நீர்த்துளி பூத்தாலோ தரை கருத்தாலோ ஒட்டக் கூடாது. திருப்பூரில் இச்சோதனையைக் கோடையில் செய்வது ஏமாற்றத்துக்கு வழி. மழை ஓயும் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ செய்தால் தரையின் உண்மையான நிலை தெரியும். புதிதாகப் போட்ட தரை என்றால் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற பழைய கணக்கு இன்றும் நல்ல வழிகாட்டி.

ரெட் ஆக்ஸைடு தரைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேங்காய் எண்ணெயும் மெழுகும் தேய்த்து மின்ன வைத்த அந்தத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப்போல் திரண்டு நிற்கும். தண்ணீர் பரவாத பரப்பில் பசையும் பரவாது. டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்துக் கழுவி, சில நாள் காயவிட்டு, உப்புத்தாளால் பளபளப்பைப் போக்கினால் சொட்டு விட்ட தண்ணீர் படர்ந்து இறங்கும், அப்போதுதான் ஒட்டலாம். சிமெண்ட் பால் பூச்சு நகத்தால் கீறினால் உதிருகிறது என்றால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடித்துக்கொண்டே இருக்கும், தரையின் தோல் கழன்று வரும்.

ஷீட்டை வாங்கியவுடன் ஒட்டக் கூடாது. சுருளை அவிழ்த்து அதே அறையில் ஒரு நாளாவது விரித்துவைத்தால் சுருளின் நினைவு தணிந்து, அறையின் வெப்பத்துக்கு ஏற்ற நீளத்துக்கு வரும். தொடுபசை என்றால் இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கரைப்பான் உள்ளே சிக்கி, சில நாளில் கொப்புளமாக எழும்பும். இந்தக் கரைப்பான்களின் ஆவி எளிதில் தீப்பற்றும். பஞ்சும் அடுப்பும் அருகருகே இருக்கும் வீட்டில் சன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து, அடுப்பை அணைத்து, பக்கத்து அறையில் விளக்கேற்றாமல் வேலையை முடிப்பது கட்டாயம். ஒட்டிய பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். தொழில்முறையில் 45 கிலோ உருளையை உருட்டுவார்கள்; வீட்டில் துணி சுற்றிய மரக்கட்டையால் முழு எடையையும் கொடுத்துத் தேய்க்கலாம்.

எழும்பியதைச் சரிசெய்வது

எழும்பிய ஓரத்தை அப்படியே அழுத்தி இடுக்கில் பசை ஊற்றுவது எல்லாரும் செய்வது, பலனில்லாததும் அதுதான். பழைய பசை, உப்பு, பஞ்சு மூன்றின் மேல் புதுப்பசை போய் உட்காருகிறது. ஓரத்தை ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கினால் ஷீட்டு மடங்காமல் தூக்க வரும். கை பொறுக்கும் சூடே எல்லை. நன்றாகப் பிடித்திருக்கும் இடம் வரை பிரித்து, இரு பக்கமும் பழைய பசையைச் சுரண்டி, உப்பைப் பெருக்கி எடுத்து, ஓரத்தை ஒரு குச்சியால் தூக்கி நிறுத்தி, ஈரம் போகும்வரை இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் மற்ற எல்லா வேலையும் வீண். பிறகு மெல்லிய பூச்சாகப் பசை தடவி, பதம் வந்ததும் ஒட்டி, பலகை வைத்து அதன் மேல் மணல் மூட்டையைச் சீராக ஏற்றி ஒரு நாள் முழுதும் விடலாம். செங்கல்லை நேரடியாக வைத்தால் அதன் விளிம்பு வினைலில் பதிந்துவிடும்.

நடுவில் எழும்பிய சிறு கொப்புளத்தைப் பூ வேலைப்பாட்டின் கோட்டையொட்டி பிளேடால் சிறிதாகக் கீறி, காற்றை வெளியேற்றி, ஊசிக்குழாயால் பசை செலுத்தி அழுத்தலாம். கீறல் கோட்டோடு கலந்து மறைந்துவிடும். இரு ஷீட்டுகளின் மூட்டுக்குப் பி.வி.சி.யையே கரைத்து ஒன்றாக்கும் மூட்டுத் திரவம் கிடைக்கிறது; மூட்டு அடைபட்டால் மாப் தண்ணீர் இறங்கும் வழியும் அடைபடும். வாசற்படியில் அலுமினியப் பட்டை அடிப்பது எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு. ஓரம் நிமிராதவரை உரியாது என்பதால், பட்டை செய்யும் வேலையைப் பசையால் செய்ய முடியாது. சுவரோரம் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மாப்பைப் பிழிந்து போடுவதும், கடைசித் துடைப்புக்கு உப்புப் போர் தண்ணீருக்குப் பதில் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துவதும் ஓரத்தின் ஆயுளைக் கூட்டும்.

ஷீட்டு விறைத்து, ஓரம் சுவரிலிருந்து விலகிச் சுருங்கி, வளைத்தால் வெடிக்கிறது என்றால் நெகிழ்வூட்டி போய்விட்டது. அதை ஒட்டி மீட்க முடியாது. தரைச் சோதனையில் ஆண்டு முழுதும் ஈரம் காட்டும் வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. வீட்டுக்காரர் சம்மதித்தால் தரையைத் தேய்த்து இரண்டு பூச்சு ஈரத்தடுப்பு எப்பாக்ஸி இட்டு, அது இறுகிய பின் ஒட்டலாம். சம்மதிக்காவிட்டால் கண்ணாடி இழை வலையுள்ள கனமான ஷீட்டைப் பசையின்றி விரித்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பாதி சுருட்டித் தரையைக் காயவிட்டு விரிக்கலாம். வாடகை வீட்டுக்கு இந்த இரண்டாவது வழியே பொருத்தமானது. காலி செய்யும்போது தரை பழுதில்லாமல் இருக்கும், ஷீட்டும் கூடவே அடுத்த வீட்டுக்குப் போகும்.